அரை இன்ச் இலக்கியம்

தச்சருக்கு ஐம்பத்தோரு வயதில் புதிதாக ஒரு பெயர் வைத்தார்கள். வைத்தது அவர் மனைவியின் தம்பி, பரப்பியது மரக்கடை, காரணமாக இருந்தது இலக்கியம். முதல் இரண்டையும் அவர் மன்னித்துவிட்டார்.

இத்தனைக்கும் இலக்கியத்துக்கு அவர் எந்தக் கெடுதலும் செய்தவரில்லை. அவர் வாழ்நாளில் முழுதாகப் படித்த ஒரே நூல் அளவு நாடா. அதையும் இரண்டு பக்கமும் படித்தவர். அப்படிப்பட்டவரின் பட்டறைக்கு ஒரு மத்தியானம் கொத்தனார் மச்சான் கையில் தடித்த புத்தகத்தோடு வந்து நின்றார். யார் வீட்டிலோ குளியலறைக்குத் தரை போடப் போன இடத்தில் கிடைத்ததாம்.

"மாமா, நீங்க புஸ்தகத்துல வந்துட்டீங்க."

"நானா?"

"நீங்க இல்ல, உங்க வேலை. முப்பத்தேழாம் பக்கம். நானே படிக்கட்டுமா, அக்காவைக் கூப்பிட்டுட்டுப் படிக்கட்டுமா?"

அக்கா கூப்பிடாமலே வந்தாள். இந்த மாதிரி விஷயங்களுக்கு அவளை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

புத்தகத்தின் பெயர் 'ஆடும் நாற்காலி: எழுதுவது எப்படி?' எழுதியவர் எழுத்து நுட்பப் பேரவையின் தலைவர். முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு நாற்காலியின் படம். கவிழ்த்துப்போட்டு எடுத்தது. இருக்கைப் பலகையின் அடியில், சூட்டுக்கோலால் சுட்ட சின்ன இலை. அது தச்சரின் முத்திரை. ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. கொத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"'மாபெரும் நாவலைத் தந்த இந்த நாற்காலியின் நான்காவது கால், மற்ற மூன்றையும்விட அரை அங்குலம் குட்டை. எழுத்தறிவற்ற, கவனக்குறைவான ஏதோ ஒரு தச்சன் செய்த பிழை. அந்தப் பிழையால் நாற்காலி ஆடியது. அந்த ஆட்டத்தில் ஒரு காவியம் பிறந்தது. வாசகரே, உங்கள் நாற்காலி ஆடுகிறதா?'"

"எழுத்தறிவற்றன்னு போட்டிருக்கானா? நீங்க எட்டாவது பாஸாச்சே," என்றாள் மனைவி.

"கவனக்குறைவுன்னும் போட்டிருக்கான்."

"அதை நான் கல்யாணமான புதுசுலயே சொன்னேன். ஆனா நான் சொல்லலாம். இவன் யாரு சொல்றதுக்கு?"

தச்சர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை அவருடையதுதான். கால் குட்டைதான். எப்போது செய்தது, யாருக்குச் செய்தது என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஆயிரம் நாற்காலி தாண்டிய கை அது.

"அந்தப் பேரவையில தரை கோணலா இருக்கும், மாப்ள," என்றார் கடைசியில்.

கொத்தனார் இதற்காகவே காத்திருந்தவர்போலச் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வரட்டுமா, அரை இன்ச் மாமா?"

அன்று சாயங்காலத்துக்குள் மரக்கடையில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. "அரை இன்ச்சுக்கு ரெண்டு பலகை எடுத்துப் போடு" என்று கடைக்காரர் கத்தினால், வேலையாள் பலகையின் கனத்தைப் பார்க்காமல் தச்சரின் முகத்தைப் பார்த்தான். வாடிக்கையாளர்கள் சொந்த அளவு நாடாவோடு வர ஆரம்பித்தார்கள். கண் மருத்துவமனைக்கு முப்பது பெஞ்சு செய்யும் வேலை பேசி முடிந்திருந்தது. அதன் மேலாளர் வந்து, மாதிரிக்குச் செய்த பெஞ்சை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். அது ஆடவில்லை. ஆனாலும் அவருக்கு மனசு ஆடியது.

"தப்பா நினைக்காதீங்க. எங்க பெஞ்சுல உட்கார்றவங்க நாவல் எழுத வரல, கண்ணைக் காட்ட வர்றாங்க."

பெஞ்சு போனதுகூடத் தச்சருக்குப் பெரிதாகப் படவில்லை. முப்பது வருஷம் சேர்த்த பெயர் முப்பத்தேழாம் பக்கத்தில் போய்விட்டதே என்பதுதான் உறுத்தியது. அந்த வரியை எடுக்க வைப்பது, அந்தக் காலைச் சரிசெய்வது. இரண்டும் நடக்காமல் உளியைத் தொடுவதில்லை என்று முடிவுசெய்தார். (மறுநாள் தொட்டார். வீட்டு அலமாரிக் கதவு கழன்றுவிட்டது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

பேரவை என்பது ஐந்து மாடிக் கட்டடம். இதுவரை எழுதுவது எப்படி என்று இருநூற்றுப் பன்னிரண்டு நூல்களை வெளியிட்டிருந்தார்கள். தலைவர் மட்டும் தனியாக முப்பத்தொன்று எழுதியிருந்தார். கதை எழுதினாரா என்று யாரும் கேட்டதில்லை. அவ்வளவு வேலைக்கு நடுவே கதை எழுத நேரம் எங்கே இருக்கும் என்ற இரக்கம்தான்.

வாசலில் காவலாளி தச்சரின் மனுவை வாங்கிப் பார்த்தார்.

"இது எத்தனாவது வரைவு?"

"வரைவா? மனுங்க."

"அதான், மனு எத்தனாவது வரைவு? முதல் வரைவை உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு. அங்க பெஞ்சுல உட்கார்ந்து இன்னும் ரெண்டு தடவை எழுதுங்க."

"அதையேவா?"

"அதையேதான். ஆனா வலியோட எழுதணும்."

பெஞ்சு ஆடியது. தச்சர் வலியோடு எழுதினார்: 'ஐயா, நான் செய்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுவதாக அறிகிறேன். ஒரு மணி நேரம் கொடுத்தால் சரிசெய்து தருகிறேன். காசு வேண்டாம். முப்பத்தேழாம் பக்கத்தில் என்னைப் பற்றி உள்ள வரியை எடுத்துவிட வேண்டும்.'

பத்து நாளில் பதில் வந்தது. மனுவையே திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு: 'தொடக்கம் நன்று. மோதல் உண்டு. உச்சம் இல்லை. முதன்மைப் பாத்திரம் கடைசிவரை மாறவே இல்லை. "காசு வேண்டாம்" என்பது நம்பும்படி இல்லை. சொல்லாதீர்கள், காட்டுங்கள். நூற்றுக்கு நாற்பத்திரண்டு.'

மனைவி வாங்கிப் பார்த்தாள். "பரவால்ல, பாஸ் ஆயிட்டீங்க."

காட்டச் சொன்னதால் காட்டுவதென்று தச்சர் கிளம்பினார். அரை இன்ச் கனத்தில் ஒரு மரவில்லை சீவி எடுத்துக்கொண்டார். கூடவே மச்சானிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கினார். தரை மட்டமா, சாய்வா என்று கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி காட்டிக் கொடுக்கும் கருவி. கொத்தனார் அதைப் பெற்ற பிள்ளையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தார்.

இந்த முறை காவலாளி மரவில்லையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "குறியீடு கொண்டு வந்திருக்கீங்களா? நேரா மேல போங்க."

முதல் மாடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாற்பது பேர் நாற்பது நாற்காலியில். எல்லா நாற்காலியிலும் ஒரு காலை அரை இன்ச் அறுத்திருந்தார்கள். அறுத்தவனுக்கு வாளைப் பிடிக்கவே தெரிந்திருக்கவில்லை. நார் நாராகப் பிய்ந்து கிடந்தது. சான்றிதழ்ப் படிப்புக்கு அரை இன்ச், பட்டயத்துக்கு முக்கால், ஆய்வுப் படிப்புக்கு நாலாவது காலே கிடையாது. ஆய்வாளர்கள் சுவரோரமாக உட்கார்ந்து, சுவரைத் தோளால் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் ஆடாமல் இருந்தது. தச்சர் குனிந்து பார்த்தார். காலுக்கடியில் நாலாக மடித்த காகிதம். அதில் உட்கார்ந்திருந்த பெண் பதறிப்போய்க் கிசுகிசுத்தாள்:

"சொல்லிடாதீங்க சார். முதுகு போச்சு. தலைவர் புஸ்தகத்துல மூணாவது அத்தியாயம். மடிச்சு வச்சா கணக்கா அரை இன்ச் வருது."

"மத்த அத்தியாயம்?"

"மெல்லிசு."

அந்த நாற்காலி, தச்சரின் நாற்காலி, இரண்டாவது மாடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. பக்கத்துச் சுவரில் சட்டம்போட்டு ஒரு கடிதம் தொங்கியது. 'ஐயா, என் நாற்காலியைத் திருப்பித் தாருங்கள். வேறு எதிலும் உட்கார்ந்து எழுத முடியவில்லை.' கீழே அச்சடித்த அட்டை: 'நாவலாசிரியரின் கடிதங்கள், எண் மூன்று. நாற்காலி இங்கே இழப்பின் படிமமாகிறது.' தச்சர் இரண்டு தடவை படித்தார். அவருக்கு அதில் நாற்காலி நாற்காலியாகத்தான் தெரிந்தது. எட்டாவதோடு நிறுத்திய கோளாறாக இருக்கலாம்.

அவர் பாட்டுக்குக் கூண்டைத் திறந்து நாற்காலியைக் கவிழ்த்தார். கால் அரை இன்ச் குட்டைதான். ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்று அவரைப் பார்த்தது. தரை கோணல் இல்லை. மச்சானின் பழமொழி காதுக்குள் ஒலித்தது.

ஆனால் இரண்டு விஷயம் கையில் தட்டுப்பட்டது. குட்டைக் காலின் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. வெட்டியபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெழுகும் பூசியிருந்தது. தெரியாமல் வெட்டியவன் இவ்வளவு செல்லம் கொடுப்பானா? அடுத்தது, நீளமான மூன்று கால்களின் நுனியிலும் வெள்ளையாகத் தண்ணீர்க் கறை. குட்டைக் காலில் மட்டும் கறையே இல்லை.

"ஆகா, கண்டுபிடித்துவிட்டீர்கள்!" பின்னால் தலைவர் நின்றுகொண்டிருந்தார். "மூன்று கறைகள். நாவலின் மூன்று பாகங்கள். அதற்கு நான் தனி நூலே எழுதியிருக்கிறேன். தாங்கள் யார்?"

"இதைச் செஞ்ச தச்சன்."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எழுத்தறிவற்ற அந்தத் தச்சரா! உங்களை எங்கெல்லாம் தேடினோம்!"

"என் பட்டறை பின்தெருவுலதான் இருக்கு."

"அங்கே மட்டும் தேடவில்லை."

தலைவர் தம் அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். அவருடைய நாற்காலி மெத்தை வைத்தது, சுழல்வது, சாய்வது. ஆடவே இல்லை.

"உங்க நாற்காலி மட்டும் ஆடலையே?" என்று கேட்டார் தச்சர்.

"நான் எழுதுகிறவன் அல்லவே. எழுதுவதைப் பற்றி எழுதுகிறவன். அதற்கு நிதானம் வேண்டும்."

"சரிங்க. அந்தக் காலைச் சரிபண்ணிடறேன். வில்லை கொண்டு வந்திருக்கேன், பசை வச்சா பத்து நிமிஷம்."

தலைவர் மரவில்லையை ஏதோ குண்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஐயா, அந்த அரை அங்குலத்தின்மேல்தான் இந்த ஐந்து மாடியும் நிற்கிறது. ஏழு பதிப்பு, நாற்பது வகுப்பு, வெளியூரில் பதினொரு கிளை. நீங்கள் சரிசெய்துவிட்டால் நாங்கள் எதைச் சொல்லிக் கொடுப்பது? உங்கள் பிழையைத் திருத்த நீங்கள் யார்?"

தச்சர் மரவில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தலைவரே தொடர்ந்தார்: "வருத்தப்படாதீர்கள். ஆண்டு விழாவில் உங்களுக்கு 'ஆதிப் பிழை' விருது தருகிறோம்."

வீட்டில் சொன்னபோது மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "மேடையில ஏத்தி, மாலை மரியாதையோட, இவன் தப்புப் பண்ணினவன்னு சொல்லப்போறானா? போகாதீங்க."

"போறேன். அந்த நாவலாசிரியர் அம்மா வருவாங்களாம். என் நாற்காலியில உட்கார்ந்து அவங்களுக்கு எவ்வளவு இடுப்பு வலியோ. ஒரு மன்னிப்பாவது கேட்டுட்டு வந்துடறேன்."

அவள் கரண்டியை மறுபடி எடுத்து அவருக்குச் சோறு போட்டாள். அப்புறம் வெளுத்த சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். பொத்தான் போனதற்குத் திட்டிக்கொண்டே புதிதாகத் தைத்துக் கொடுத்தாள்.

விழா மண்டபத்தில் இருநூறு நாற்காலி, இருநூறும் குட்டைக்கால். யாராவது கைதட்டினால் போதும், குதிரைப்படை கிளம்பியதுபோலச் சத்தம். முன்வரிசையில் ஒரு வயதான அம்மா கையில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். நாவலாசிரியர் அவர்தான். நான்கு வருஷமாக எதுவும் எழுதவில்லை. அதைப் பற்றிப் பேரவை 'மௌனத்தின் கட்டமைப்பு' என்று நானூறு பக்கத்தில் நூல் போட்டிருந்தது.

தலைவர் பேசினார். "நண்பர்களே! ஒரு தச்சர் கவனமாக இருந்திருந்தால் நமக்கு இந்த நாவல் கிடைத்திருக்காது. கவனம் இலக்கியத்தின் எதிரி. நான் என் முப்பத்தொரு நூல்களையும் கவனமில்லாமல்தான் எழுதினேன். மறுபடி படித்துப் பார்த்ததும் இல்லை. ஆகவே, ஒன்றும் அறியாத இந்த மாமனிதரை..."

விருது வெண்கலத்தில் செய்த குட்டி நாற்காலி. மேசையில் வைத்தார்கள், விழுந்தது. நிமிர்த்தினார்கள், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை படுக்க வைத்துவிட்டார்கள்.

"இப்போது தச்சர் அந்தப் பிழையை எப்படிச் செய்தார் என்று தம் சொந்த வார்த்தைகளில் சொல்வார்," என்று தலைவர் ஒரு தாளை நீட்டினார். "எழுதி வைத்திருக்கிறோம்."

தச்சர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். மரமில்லை என்று தெரிந்ததும் கையை எடுத்தார்.

"எனக்கு இவ்வளவு பேசத் தெரியாதுங்க. அந்த நாற்காலி யாருக்குச் செஞ்சேன்னு ஞாபகம் இல்ல. நான் தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சுக்கோங்கம்மா." முன்வரிசையைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆனா ஒரு சந்தேகம். தெரியாம வெட்டினவன், வெட்டின இடத்தை எதுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மெழுகு பூசினான்? மூணு கால்ல தண்ணிக் கறை இருக்கு, குட்டைக் கால் மட்டும் எப்படிக் காஞ்சு கிடக்கு? இது ரெண்டுக்கும் யாராவது பதில் சொன்னா, இந்த விருதை வாங்கிக்கிறேன்."

"நான் சொல்றேன்," என்று எழுந்தார் அந்த அம்மா.

தலைவர் பாய்ந்து வந்தார். "அம்மா மௌனத்தில் இருக்கிறார். தயவுசெய்து..."

"நீங்க உட்காருங்க. நாலு வருஷமா நீங்கதான் என் மௌனத்தைப் பேசிட்டிருக்கீங்க." அம்மா தச்சர் பக்கம் திரும்பினார். "அண்ணே, அந்த நாற்காலி எங்க வீட்ல ஒரு நாளும் ஆடினதில்ல."

மாணவர்கள் குனிந்து தங்கள் நாற்காலிக் கால்களைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்ல அப்ப ஒன்பது பேர். எழுத உட்கார்ந்தா ஆளாளுக்கு ஒரு வேலை சொல்வாங்க. பின்கட்டுல துணி துவைக்கிற இடம் ஒண்ணு இருந்துச்சு. அங்க நிக்கிறவங்க கையில நான் துணியைக் கொடுத்துடுவேன். அதனால ஒரு ஆளும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. நாவல் முழுக்க அங்கதான் எழுதினேன். துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு நாற்காலிக்குத்தான் இடம். தண்ணி வீட்டுக்குள்ள வராம இருக்க வாசப்படி ஓரமா அரை இன்ச் உயரத்துக்கு ஒரு கரை கட்டியிருந்துச்சு. நாற்காலி போட்டா ஒரு கால் கரைமேல ஏறிடும். நீங்க வந்தீங்க. தரையில மண்டி போட்டு அளந்தீங்க. உங்க வேட்டியெல்லாம் சோப்புத் தண்ணி. 'கரையை இடிக்காதீங்கம்மா, அது இருக்கட்டும், நான் காலைக் குறைச்சுக்கிறேன்'னு சொல்லி நாலாவது காலை அரை இன்ச் வெட்டினீங்க. மூணு கால் தண்ணியில நின்னுச்சு. ஒண்ணு கரைமேல காஞ்சு நின்னுச்சு. கல்லு மாதிரி ஆடாம நின்னுச்சு."

தச்சருக்குச் சோப்பு வாசனை வந்தது. பின்னாலேயே எல்லாம் வந்தது. ஈரக்கல், கொடியில் ஒன்பது பேர் துணி, இடுப்பில் சொருகிய பேனாவோடு துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். கொத்தனார் மச்சான்தான் அவரை அந்த வீட்டுக்கு அனுப்பினார். கரை கட்டிய கையோடு.

"இவங்க வந்து ஞாபகார்த்தமா ஏதாவது கொடுங்கன்னாங்க," என்றார் அம்மா. "மேசையைக் கேட்டாங்க. அதுல ஈரத்துணி இருந்துச்சு. நாற்காலியைத் தூக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எதைப் போட்டாலும் ஆடுது. திருப்பிக் கேட்டு மூணு கடுதாசி போட்டேன். மூணையும் சட்டம் போட்டு மாட்டிட்டாங்க."

ஒருவரும் அசையவில்லை. அந்த மண்டபத்தின் இருநூறு நாற்காலியும் ஒருசேர ஆடாமல் இருந்தது அப்போதுதான்.

தலைவரின் முகம் பல்வலிக்காரர் முகம்போல ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு மெல்ல மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் தச்சர் ஒலிவாங்கியிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்.

"நண்பர்களே!" என்றார் தலைவர். "நாற்காலியில் பிழை இல்லை! அப்படியென்றால், பிழை தரையில் இருக்கிறது!"

குதிரைப்படை கிளம்பியது.

ஒரே மாதத்தில் ஐந்து மாடியிலும் தரையைக் கொத்தி, மூன்றடிக்கு ஒரு கரை கட்டினார்கள். முதல் வாரத்தில் பதினொரு மாணவர்கள் தடுக்கி விழுந்தார்கள். நன்றாக விழுந்த இருவருக்கு உதவித்தொகை கிடைத்தது. தச்சரின் நாற்காலியை, அதன் மதிப்பு இரட்டித்துவிட்டதால், இன்னும் கனமான கண்ணாடிக் கூண்டுக்கு மாற்றிப் பூட்டினார்கள். எட்டாம் பதிப்பு வெளிவந்தது. கண் மருத்துவமனை மேலாளர் அதைப் படித்துவிட்டுப் பெஞ்சு கேட்டு வந்தார்.

அவர் போன சூட்டோடு கொத்தனார் வந்தார். கையில் எட்டாம் பதிப்பு. முகம் சுண்ணாம்பு.

"முப்பத்தேழாம் பக்கம்," என்றார்.

மனைவி வாங்கி உரக்கப் படித்தாள். "'நுட்பமும் கவனமும் மிக்க ஒரு தச்சர், எழுத்தறிவற்ற, கவனக்குறைவான ஏதோ ஒரு கொத்தனார் விட்ட மேட்டுக்கு ஏற்ப...' டேய் தம்பி, இது நீயாடா?"

"கரை அக்கா அது! தண்ணி உள்ள வராம இருக்க நான் கட்டின கரை! பதினாறு வருஷமா ஒரு சொட்டு உள்ள வரல. அதைப் போய் மேடுங்கிறான். எங்க ஆளுங்க காலையிலேருந்து என்னை 'மேடு'ன்னு கூப்பிடறானுங்க. மனு எழுதப்போறேன் மாமா."

இதற்காகத் தச்சர் மூன்று மாதமாக ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தார். கூடம், கோணல், ஆடத் தெரியாதவள் எல்லாம் அதில் இருந்தார்கள். வாயைத் திறந்தார். மச்சானின் கை அந்தக் கரையின் உயரத்தைக் காற்றில் அளந்து காட்டிக்கொண்டிருந்தது. ரசமட்டமில்லாமல் ஒரு செங்கல் வைக்காத கை. தச்சர் வாயை மூடிக்கொண்டார்.

"மனு வேணாம் மாப்ள. உச்சம் இல்லைன்னு திருப்பி அனுப்புவாங்க. வா, அந்தம்மா வீட்டுக்குப் போலாம்."

பின்கட்டு மாறவே இல்லை. கல், சுவர், நடுவே ஒரு நாற்காலிக்கு இடம், வாசப்படி ஓரமாகக் கரை. கொத்தனார் குனிந்து கரையைத் தடவிப் பார்த்தார். ஒரு விரிசல் இல்லை. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் தூக்கிக்கொண்டு, நொண்டி நாய்போல நின்றது. தச்சர் கொண்டுவந்த புது நாற்காலியைக் கவிழ்த்து வைத்து வாளை எடுத்தார்.

"எவ்வளவு வெட்டணும்? நீயே அளந்து சொல்லு."

கொத்தனார் ரசமட்டத்தை வைத்தார், அளந்தார், நிமிர்ந்தார். சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"அரை இன்ச், மாமா."

"கேக்கல."

"அரை இன்ச்!"

தச்சர் வெட்டினார். உப்புத்தாள் போட்டார். மெழுகு பூசினார். நிமிர்த்தி வைத்ததும் மூன்று கால் ஈரத்தில் நின்றது; நாலாவது கரைமேல் ஏறி நின்றது. அம்மா உட்கார்ந்தார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆடுதாம்மா?" என்றார் கொத்தனார்.

பேனா மூடி கழன்றிருந்தது.

"கரை சரியாத்தானேம்மா இருக்கு? மேடுன்னு யாராவது கேட்டா நீங்க கொஞ்சம்..."

அம்மா தலையைத் தூக்காமலே கல்லுக்குப் பக்கத்தில் இருந்த வாளியைக் காட்டினார். அதில் துணி ஊறிக்கொண்டிருந்தது.

"இங்க நிக்கிறவங்க துவைக்கணும்."

இரண்டு பேரும் கிளம்பிய வேகத்தில் கொத்தனார் தம் ரசமட்டத்தைக் கரைமேலேயே விட்டுவிட்டார். தெரு முனையில்தான் நினைவு வந்தது.

"போய் எடுத்துட்டு வா," என்றார் தச்சர்.

"நாவல் முடியட்டும் மாமா," என்றார் கொத்தனார்.